தம்பியின் இடது காலும் என் கல்லூரி இடமும்

என் தம்பியின் இடது கால்தான் எனக்குக் கல்லூரியில் இடம் வாங்கித் தந்தது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மார்க்கால் இடம் வாங்கியவர்கள் உண்டு, பணத்தால் வாங்கியவர்கள் உண்டு, மாமாவின் சிபாரிசால் வாங்கியவர்களும் உண்டு. நான் ஒரு காலால் வாங்கினேன், அதுவும் என்னுடையது அல்லாத காலால்.

அப்போது நான் ஷார்ஜாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அஜ்மானில் வாடகை குறைவு என்பதால் வேறு சில சிஸ்டர்களோடு அங்கே ஒரு ஃபிளாட்டில் தங்கல். தம்பி ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் அவனுக்கு ஒரு கட்டில். அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. மாதா கோயிலில் அன்றைய பூசை முடிந்ததும் எங்கள் கட்டிடத்துக்குக் கீழே வந்து நின்று போன் பண்ணுவான். ஆண்களுக்கு மேலே வர அனுமதி இல்லை. நான் சோறும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு இறங்குவேன். கார்களுக்கு நடுவே நின்றபடியே தின்று முடித்துவிட்டுப் பந்து விளையாட ஓடிவிடுவான். என்னைப் பார்க்க வந்தானா, குழம்புக்கு வந்தானா என்று கேட்டால் "ரெண்டுக்குந்தான்" என்பான்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. டிகிரி. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியும் வீட்டு நிலைமைக்கு டிப்ளமோதான் படிக்க முடிந்தது. எனக்குப் பின்னால் வார்டுக்கு வந்த பெண்கள், என் பக்கத்தில் நின்று வேலை பழகிய பெண்கள், டிகிரி இருந்ததால் இன்சார்ஜ் ஆனார்கள். புது டாக்டர் யாராவது வந்தால் "சிஸ்டர், பி.எஸ்ஸி.யா, டிப்ளமோவா?" என்று கேட்பார். டிப்ளமோ என்று சொல்லும்போது என் குரல் தானாக இறங்கும். இறங்கியதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வரும். அஜ்மானில் வேலை பார்ப்பவர்கள் படிக்க ஒரு கல்லூரியில் மாலை வகுப்பு நடந்தது. மருத்துவமனை நிர்வாகத்தில் மூன்று வருட டிகிரி. கட்டணம் விசாரித்தேன், என் சம்பளத்துக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

அந்தக் கல்லூரி ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு மேலே இருந்தது. முதலாளி இராமநாதபுரம் பக்கத்துக்காரர், டைல்ஸ் வியாபாரத்தில் சம்பாதித்தவர். பணம் வந்துவிட்டது, இனிப் பெயர் வேண்டும் என்று கல்லூரி தொடங்கியிருந்தார். பெயர் வருகிற வழியைக் காணோம். துபாயில் அப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளை திறந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் பெயரைச் சொன்னாலே மருத்துவமனையில் டாக்டர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான ஃபுட்பால் போட்டியை நடத்துவதும் அவர்கள்தான், ஒவ்வொரு வருடமும் கோப்பையைத் தங்கள் அலமாரியிலேயே வைத்துக்கொள்வதும் அவர்கள்தான். அந்தக் கோப்பையை ஒரு தடவை தூக்கிவிட்டால் பேப்பரில் படம் வரும், அட்மிஷன் கொட்டும் என்பது எங்கள் முதலாளியின் கணக்கு. நல்ல வாத்தியார்களைச் சம்பளம் கொடுத்துக் கூட்டி வருவதைவிட அது மலிவு.

கல்லூரிக்குப் பின்னால் இருந்த மணல்வெளியில்தான் தம்பி வெள்ளிக்கிழமைகளில் விளையாடுவான். ஒரு நாள் முதலாளி காரை நிறுத்தி, ஏசியை விட்டு இறங்காமல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தம்பி நடு மைதானத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு நான்கைந்து பேரைத் தாண்டிப் போய் இடது காலால் அடித்தான். ஏசியாவது ஒன்றாவது, மனிதர் மணலுக்கே இறங்கி வந்துவிட்டார்.

"தம்பி, எந்த ஊரு?"

"கன்னியாகுமரி பக்கம் சார், கடற்கரை."

"எங்க காலேஜ் டீமுக்கு ஆடுறீங்களா? ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ்ல பேரப் போட்டு ஐடி கார்டு குடுத்துர்றேன். கைல ஏதாவது தர்றேன்."

"எனக்கு கைல ஒண்ணும் வேண்டாம் சார். எனக்க அக்காவுக்கு டிகிரிக்கு ஒரு சீட்டு குடுங்க."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தாராம். பிறகு வியாபாரி ஆகிவிட்டார். அக்கா இப்போதே வகுப்புக்கு வரலாம். கோப்பை வந்தால் மூன்று வருடமும் இலவசம். வராவிட்டால் இந்தப் பருவம் முடிந்ததும் பணத்தைக் கட்ட வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும்.

தம்பி எங்கள் கட்டிடத்துக்குக் கீழே வந்து இதைச் சொன்னான். முதலில் திட்டினேன். எங்கள் வீட்டில் சந்தோஷம் வந்தால் முதலில் திட்டத்தான் செய்வோம்.

"லேய், உனக்கென்ன கிறுக்கா? சீட்டு சும்மா வருதுன்னா நீயே படிக்கப்பிடாதா?"

"எனக்கு புக்கத் தொறந்தா ஒறக்கம் வரும்லா. ஆசை உனக்குத்தான. நீ படி, நான் பந்து வெளையாடுதேன்."

அவனுக்கு இதில் ஒரு துளி கூச்சமும் இல்லை. எங்கள் கடற்கரையில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பந்து டீம் உண்டு. கோயில் திருவிழா என்றால் டோர்னமென்ட் உண்டு. பெரிய ஆட்டம் வந்தால் வேறு ஊரிலிருந்து நல்ல ஆட்டக்காரனை வரவழைப்பார்கள். அவனுக்கு ஜீப் அனுப்புவார்கள், இறைச்சிச் சோறு போடுவார்கள், கைச்செலவுக்குக் கொடுப்பார்கள். ஆட்டம் தொடங்கும்முன் "இன்று நமது அணிக்காகக் களம் இறங்கும் கெஸ்ட் பிளேயர்" என்று மைக்கில் ஊரையும் பெயரையும் முழங்குவார்கள். கெஸ்ட் இல்லாத டீமைப் பார்த்தால் 'பாவம், வசதியில்லாதவர்கள்' என்று உச்சுக்கொட்டுவார்கள். ஒருவனைக் கெஸ்டாகக் கூப்பிட்டுவிட்டால் அந்த வருடம் அவன் சட்டைக் காலரை இறக்கிவிட மாட்டான். தம்பிக்குக் கல்லூரியும் அப்படி இன்னொரு ஊர், அவ்வளவுதான். கல்லூரிப் போட்டியில் படிக்கிறவர்கள் மட்டுமே ஆடலாம் என்று அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கழுத்தில் மாட்டிய ஐடி கார்டு மைதானத்துக்குள் விடுவதற்கான பாஸ் என்றே நினைத்திருந்தான்.

நான் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அந்த முதல் மாலையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் தரையில் நிற்பதில்லை. டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு ஓடியிருந்தேன். கீழே சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி சுடும் வாசம் மாடிப்படி முழுவதும் ஏறி வந்தது. வகுப்பில் என்னைப்போலவே வேலையிலிருந்து நேரே வந்தவர்கள். பக்கத்து பெஞ்சில் கூரியர் கம்பெனி கிளார்க் ஒருவர், கோவைக்காரர், சட்டைப் பொத்தானுக்கும் வயிற்றுக்கும் எப்போதும் தகராறு. அவர்தான் எங்கள் டீமின் கோல்கீப்பர் என்று தெரிந்ததும் "நீங்களா?" என்று கேட்டேவிட்டேன். "பயப்படாதீங்க சிஸ்டர், நான் நின்னாலே பாதி கோல் மறைஞ்சிரும்" என்றார்.

மருத்துவமனையில் கேண்டீனில் ஒரு நாள் என் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் டாக்டர் ஒருவரின் மகள் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தாள். நான் என் கல்லூரியின் பெயரைச் சொன்னேன். "அது எங்கே இருக்கு?" என்று அவர் கேட்டார். சூப்பர் மார்க்கெட்டின் பெயரைச் சொன்னேன். "ஓ, அங்கே மீன் நல்லா இருக்கும்" என்றார். வேண்டுமென்றே சொல்லவில்லை, உண்மையிலேயே மீன் நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் அன்றிலிருந்து எனக்கு அந்தக் கோப்பை இலவசப் படிப்புக்கு மட்டுமாக வேண்டியிருக்கவில்லை.

போட்டி தொடங்கியது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் ஒரு ஆட்டம். டீமில் தம்பி ஒருவன்தான் வெளியாள். மற்றவர்கள் வேறெங்கும் இடம் கிடைக்காமல் எங்கள் கல்லூரிக்கு வந்த பகல்நேரப் பையன்கள், அப்புறம் எங்கள் கோல்கீப்பர். பையன்களுக்குத் தமிழ் பாதி, இங்கிலீஷ் பாதி. தம்பிக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. "யல்லா, யல்லா! வேகமா பாஸ் பண்ணுலே!" என்று அவன் கத்த, அவர்கள் ஓடினார்கள். முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். அடுத்ததிலும் ஜெயித்தோம். அரையிறுதிக்கு அவன் கேம்ப் ஆட்கள் கம்பெனி டிரைவரைத் தாஜா செய்து ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். தட்டு, பக்கெட், விசில், எல்லாம் கையில். செக்யூரிட்டிக்காரர் மிரண்டுபோய் வாக்கி டாக்கியில் யாரையோ கூப்பிட்டார். நான் அந்தக் கூட்டத்தின் நடுவே நின்று தொண்டை கிழியக் கத்தினேன். மறுநாள் வார்டில் நோயாளிகளிடம் சைகையில்தான் பேசினேன்.

இறுதி ஆட்டம் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானத்தில். நிஜப் புல். பாலைவனத்தில் அப்படியொரு பச்சையைப் பார்த்ததும் தம்பி குனிந்து தொட்டுப் பார்த்தான். எதிர் டீமில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். ஓடினால் காற்று மாதிரி. அவனைத் தேடிப் போய் விமான டிக்கெட், ஹாஸ்டல், சாப்பாடு, படிப்பு எல்லாம் கொடுத்துக் கூட்டி வந்திருந்தார்கள். அதற்கு ஸ்காலர்ஷிப் என்று பெயர். எங்கள் முதலாளி செய்ததற்கு மட்டும் ஆள் பிடிப்பது என்று பெயர். வித்தியாசம் எனக்கு இன்றுவரை சரியாகப் புரியவில்லை. அவர்கள் செலவழித்தது அதிகம் என்பது புரிந்தது.

முதல் பாதியில் தம்பி இரண்டு கோல் அடித்தான். இரண்டாவது கோலை எப்படிச் சொல்ல! கார்னரிலிருந்து வந்த பந்து தரையைத் தொடும்முன்னே இடது காலை வீசினான். வலை ஆடியதைப் பார்த்த பிறகுதான் பந்து போனதே எங்களுக்குத் தெரிந்தது. நான் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பாகிஸ்தானி அண்ணனின் தோளை அடித்து அடித்துக் கத்தினேன், அவரும் எதிர்க்காமல் கத்தினார். அந்த ஆப்பிரிக்கப் பையன் ஒரு கோலைத் திருப்பினான். இடைவேளைக்கு விசில் அடித்தபோது நாங்கள் இரண்டு, அவர்கள் ஒன்று.

அங்கேதான் வந்தது வினை. அந்தப் பல்கலைக்கழகத்து மாணவி ஒருத்தி மைக்கோடு மைதானத்துக்குள் வந்தாள். ஆட்டக்காரர்களிடம் பேசி ஸ்பீக்கரில் போடுவது அவர்கள் வழக்கம். தம்பியிடம் ஹிந்தியில் கேட்டாள்: சூப்பர் கோல் அண்ணா, நீங்கள் என்ன கோர்ஸ் படிக்கிறீர்கள்? தம்பிக்கு மைக்கைக் கண்டதும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தினான்.

"நோ கோர்ஸ்! ஐ ஆம் கெஸ்ட் பிளேயர்!"

மைதானம் முழுவதும் கேட்டது. போதாது என்று ஊர்ப்பெயரையும் சொன்னான். கேம்ப் ஆட்கள் பக்கெட்டைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். என் மூன்று வருடப் படிப்பு அந்த ஸ்பீக்கர் வழியாகக் காற்றில் போவதை நான் நின்று பார்த்தேன்.

எதிர் டீமின் கோச் நேரே நடுவர் மேசைக்குப் போனார். போட்டிக் குழுவின் தலைவர் நரைத்த தாடி வைத்த ஒரு வடநாட்டுப் பேராசிரியர். முதலாளி ஐடி கார்டைக் காட்டிக் கத்தினார். அவர்களும் கத்தினார்கள். நடுவில் தம்பி, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். செக்யூரிட்டிக்காரர் கூப்பிட்டது காதில் விழுந்தது, திரும்பவில்லை.

"நான் இவனுடைய அக்கா. இவன் பேசுவதை நான் சொல்கிறேன்" என்றேன் பேராசிரியரிடம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இங்கிலீஷில் கேட்டார்: "இந்தக் கல்லூரியில் ஒரு நாளாவது வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள்."

கேட்டேன். தம்பி என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

"நான் உக்காரல. எனக்க அக்கா உக்காருதா. அவ படிக்கா, நான் பந்து அடிக்கேன். ரெண்டுபேரும் சேந்து ஒரு ஸ்டூடண்டு. இதுல என்ன களவு இருக்கு?"

பேராசிரியர் காத்திருந்தார். நான் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. எதிர் டீம் கோச் சிரித்தார். பேராசிரியர் சிரிக்கவில்லை. பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அந்த ஆப்பிரிக்கப் பையன் தம்பியின் தோளைத் தட்டி, "பிரதர், நானும் வகுப்புக்குப் போய் ரொம்ப நாளாச்சு" என்றான். அவன் கோச் அவனை முறைத்தார்.

கடைசியில் அந்தப் பெரிய மனிதர்கள் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள். ஐடி கார்டு இருக்கிறது, அதனால் அடித்த கோல்கள் செல்லும். வகுப்புக்கு வந்ததில்லை, அதனால் ஆள் செல்லாது. இரண்டாம் பாதியில் தம்பி வெளியே. ஸ்காலர்ஷிப் பையன் உள்ளே.

அந்த இரண்டாம் பாதி! தம்பி இல்லாத எங்கள் டீம் ஒரு கோல் முன்னிலையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. பந்து எங்கள் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. ஆப்பிரிக்கப் பையன் அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டது. இன்னொன்று எங்கள் கோல்கீப்பரின் வயிற்றில் பட்டுத் திரும்பியது. அவர் விழுந்து, எழுந்து, என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். எங்கள் பகல்நேரப் பையன்கள் தரையில் விழுந்து, முட்டி கிழிந்து, பந்தைத் தலையால், முதுகால், முகத்தால் தடுத்தார்கள். தம்பி கயிற்றுக்கு வெளியே கோட்டோடு கோடாக ஓடிக்கொண்டே "எறங்குலே! கலாஸ் ஆகல, ஆட்டம் இன்னும் முடியல!" என்று கத்தினான். உள்ளே ஓடியவர்களைவிட அவன்தான் அதிகம் ஓடியிருப்பான். நான் மாதாவைக் கூப்பிட்டேன், எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன், நடுவரைக் கெட்ட வார்த்தையில் கூப்பிட்டேன். கடைசி நிமிடத்தில் அவர்களுக்கு ஒரு ஃப்ரீ கிக். எல்லாரும் சுவர்போல நின்றார்கள். அந்தப் பையன் அடித்தான். பந்து சுவரைத் தாண்டி வளைந்து வந்தது. எங்கள் கோல்கீப்பர் அந்த உடம்போடு பறந்தார், சத்தியமாகப் பறந்தார். விரல் நுனியில் பட்டுப் பந்து மேலே போனது. விசில்.

ஜெயித்துவிட்டோம்! யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பக்கெட்டுகள் உடைந்தன. முதலாளி வேட்டி கட்டியிருந்தால் அவிழ்ந்திருக்கும், நல்லவேளை கோட் சூட்டில் வந்திருந்தார். அழுதுகொண்டே என்னிடம் ஓடி வந்தார்.

"தங்கச்சி, மூணு வருஷமும் உங்களுக்குத்தான். சொன்னா சொன்னதுதான்."

நான் புல்லின் மேலே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இனி யார் கேட்டாலும் என் குரல் இறங்க வேண்டியதில்லை என்று நினைத்தபோது அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பிறகு பதக்கம் கொடுத்தார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். இரண்டு கோல் அடித்தவன் பெயர் வரவில்லை. படம் எடுக்க எல்லாரும் நின்றபோது கோல்கீப்பர் தம்பியைக் கைப்பிடித்து இழுத்தார். முதலாளி இடையில் வந்தார். "தம்பி, நீங்க படத்துல வேணாம். பேப்பர்ல வந்துச்சுன்னா வம்பாயிரும்." தம்பி உடனே நகர்ந்து கயிற்றுக்கு வெளியே போய் நின்றுகொண்டான். அங்கிருந்தபடி எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டினான். கோப்பையைத் தூக்கிப் பிடித்திருந்த அந்தக் கைகளைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. போய் அவன் பக்கத்தில் நின்றேன்.

"லேய், நீ அடிச்ச கோலுக்கு அவனுவ போட்டோ எடுக்கானுவ. உனக்குக் கோவம் வரலியா?"

"போட்டோவுல நின்னா பசிக்குத் திங்க முடியுமா?" என்று சிரித்தான். கேம்ப் பஸ் ஹார்ன் அடித்தது. மறுநாள் காலை அவனுக்கு டூட்டி, எனக்கு டூட்டி முடிந்து வகுப்பு. இரண்டு அடி போனவன் திரும்பி வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. சின்ன வயதில்கூட நான் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"எக்கா, எனக்க பாதிய நான் முடிச்சாச்சு. இனி உனக்க பாதி. கோட்ட விட்டுராத, கேட்டியா?"